தரமாட்டேன் அண்ணாச்சி

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதையே தொழிலாகச் செய்யும் வியாபாரி உலகத்திலேயே ஒருத்தர்தான் உண்டு. அவர் தச்சநல்லூரில் எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இதை மறுப்பவர்கள் தங்கள் ஊர் ஆளை யாரையாவது கூட்டிக்கொண்டு வரலாம். பந்தயத்துக்கு நான் தயார்.

கடைக்கு முறைப்படி ஒரு பெயர் பலகையில் உண்டுதான். வெயிலில் எழுத்து வெளுத்துப்போனதால் அது அம்மன் பெயரா பெருமாள் பெயரா என்பதில் தெருவுக்குள் இன்று வரை கருத்து வேறுபாடு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, “தரமாட்டேன் கடை எங்கன இருக்கு?” என்று கேட்டால் போதும், பச்சைப்பிள்ளையைத் தவிர எல்லாரும் வழி காட்டுவார்கள். பச்சைப்பிள்ளைகள் காட்டாததற்குக் காரணம் அவர்களுக்குப் பேச்சு வராது என்பது மட்டும்தான். அந்தக் கடை நடப்பதே அவர்களுக்காகத்தான்.

பெரியவர்களிடம் அண்ணாச்சி தங்கமான மனிதர். தலைவலித் தைலம் கேட்டால் மூடியைத் திறந்து மணம் காட்டிக் கொடுப்பார். டாக்டர் சீட்டு வேண்டிய மாத்திரைக்குச் சீட்டு கேட்பார். மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாயைத் திணிக்கமாட்டார். ஆனால் “பிள்ளைக்கு” என்று ஒரு சொல் வாயிலிருந்து விழட்டும், அந்த முகம் அப்படியே இறுகிவிடும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். வாடிக்கையாளர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டார் என்று அர்த்தம்.

“அண்ணாச்சி, கிரைப் வாட்டர் ஒண்ணு குடுங்க.”

“யாருக்கு?”

“பிள்ளைக்கு. வயித்து வலி.”

“பிள்ளை சொல்லிச்சா, வயித்து வலிக்குன்னு?”

“அழுவுதுல்லா அண்ணாச்சி.”

“அழத்தாம்வே செய்யும். தொப்புள்கொடி விழாத பிள்ளை பின்ன பாட்டா பாடும்? டாக்டர்ட்ட காட்டுனீரா?”

“இதுக்கெல்லாமா டாக்டர்ட்ட போவ? பக்கத்து வீட்டுல இதத்தான் குடுக்காவ.”

“அப்ப பக்கத்து வீட்டுல போயி வாங்கும். நான் தரமாட்டேன்.”

கேட்டவர் பார்வை அண்ணாச்சியின் தலைக்கு மேலே போகும். அங்கே அதே பாட்டில்கள் வரிசையாக, தூசி தட்டி, பளபளவென்று நிற்கும். விற்கிறதில்லை என்றால் எதற்காக வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார் என்று மருந்துக் கம்பெனி ஆள் ஒருமுறை கேட்டேவிட்டார். “கண்ணுல பட்டாத்தான கேப்பாவ? கேட்டாத்தான பிள்ளைக்கு என்னன்னு நான் கேக்க முடியும்?” என்றார் அண்ணாச்சி. காலாவதித் தேதி நெருங்கினால் பழையதை அனுப்பிவிட்டுப் புதிதாக வாங்கி வைப்பார். விற்காத சரக்குக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் மேலத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்துவிட்டால் வசம்பை வசம்பு என்று சொல்லமாட்டார்கள். ‘பேர் சொல்லாதது’ என்பார்கள், ‘பிள்ளை வளர்த்தி’ என்பார்கள். கையால் சைகை கூடக் காட்டுவார்கள், வாயால் மட்டும் சொல்லமாட்டார்கள். அவளும், “அண்ணாச்சி, பேர் சொல்லாதது இருக்கா?” என்றாள்.

“பேர் சொல்லாததுன்னா எது?”

“தெரியாத மாதிரி கேக்கீங்களே. அதான், பேர் சொல்லாதது.”

“பேரு சொல்லாம எப்படிம்மா எடுக்க? இங்கன ஆயிரம் சாமான் இருக்கு.”

அவள் தவித்தாள். கடையில் நின்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். சைக்கிளில் போனவர் ஒருத்தர் காலை ஊன்றி நின்றுகொண்டார். கடைசியில் அவள் கண்ணை இறுக மூடி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, “வசம்பு” என்றாள். அண்ணாச்சி தலையை ஆட்டினார். “எங்கிட்ட அது கிடையாது. இருந்தாலும் தரமாட்டேன். கையில கட்டணும்னா எங்கனயாவது வாங்கிக் கட்டிக்கோ. உரசி நாக்குல மட்டும் தடவிராத.” அந்தப் பெண் இந்தத் தெரு வழியாக நடப்பதையே அதோடு விட்டுவிட்டாள்.

கழுதைப் பால் விவகாரம் இதைவிடப் பெரியது. எப்போதாவது ஒருவர் கழுதையையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு தெருவில் கூவிக்கொண்டு வருவார். பிறந்த பிள்ளைக்கு ஒரு சங்கு கழுதைப் பால் கொடுத்தால் நோய் நொடி அண்டாது, குரல் கணீரென்று இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அன்றைக்கு எதிர்வீட்டில் பிள்ளை பிறந்திருந்தது. பால்காரர் சங்கில் பீய்ச்சிக்கொண்டு படியேறப் போனார். அண்ணாச்சி கடையிலிருந்து பாய்ந்து வந்து குறுக்கே நின்றார்.

“யாருக்குவே இது?”

“பிள்ளைக்கு.”

“காய்ச்சாத பாலைப் பச்சப்பிள்ளைக்கா? பெத்தவ பாலு இருக்கையில கழுதைப் பாலு என்னத்துக்கு? இங்கன குடும்.”

பிடுங்கினார். தெருவே பார்க்க, அண்ணாந்து, ஒரே மடக்கில் தானே குடித்தார். பால்காரர் வெறுஞ்சங்கை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். கழுதை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சியின் குரல் அன்றிலிருந்துதான் அப்படி ஆகிவிட்டது என்பது தெருவின் முடிவு. கடையில் இருந்தபடி அவர் பேசினால் தெருவின் மறுகோடியில் துணி காயப்போடுகிறவளுக்குக் கேட்கும். இந்தக் குரலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அண்ணாச்சியைப் பெரிய வைத்திய மேதை என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. மருந்து இருக்கும் அலமாரி தெரியும், அவ்வளவுதான். பயம் மட்டும் ஊருக்கே சேர்த்து இருந்தது. பிள்ளை தும்மினால் ஆஸ்பத்திரிக்குப் போ என்பார். விக்கல் எடுத்தால் போ என்பார். பிறந்த பிள்ளைக்கு மேல்தோல் உரிவது சாதாரணம், அதற்கும் ஆட்டோ பிடித்துக் கொடுத்து அனுப்புவார். ஜங்ஷன் பக்கம் இருந்த குழந்தை டாக்டர் இவர் அனுப்பிய கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய், ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, கும்பிட்டுக் கேக்கேன். தும்மலுக்கு அனுப்பாதீங்க. விக்கலுக்கு அனுப்பாதீங்க. பிள்ளைன்னா தும்மத்தான் செய்யும்.”

“பின்ன எதுக்குத்தான் அனுப்ப?”

“சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா அனுப்புங்க. மூச்சு வாங்கினா அனுப்புங்க. எல்லாத்துக்கும் மேல, பால் குடிக்கான்னு கேளுங்க, அழுவுதான்னு கேளுங்க. பால் குடிக்காம, அழாம, துவண்டு கெடந்தா அந்த நிமிசமே அனுப்புங்க. அழுத பிள்ளையை விட அழாத பிள்ளைதான் எனக்குப் பயம்.”

டாக்டர் சொன்னதில் பாதியை அண்ணாச்சி கேட்கவே இல்லை. தும்மலுக்கு அனுப்புவதை நிறுத்தமாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கடைசி இரண்டு கேள்வியையும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் நிம்மதியாக நடக்க முடியவில்லை. துணிப்பையோடு யார் போனாலும் உள்ளிருந்து குரல் வரும். “பால் குடிக்கா? அழுவுதா?” பெயர் வைக்கும் விழாவுக்குத் தட்டு ஏந்திப் போகிறவர்களிடம் கேட்பார். கல்யாணம் ஆகாத பையன்களிடம் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு, அவர்கள் முழிப்பதைப் பார்த்து, “போலே, போ” என்பார்.

இந்த மனிதர் ஏன் இப்படி என்பதற்குத் தெருவில் பல கதைகள் உலவின. சலூனில் சொல்லப்பட்ட கதையில் அவருடைய சொந்தப் பிள்ளைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது. டீக்கடைக் கதையில் தங்கை பிள்ளைக்கு. கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி நன்றாகவே கட்டியிருந்தார்கள். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் அவரிடமே கேட்டேன்.

“ஒரு கதையும் கிடையாது. எனக்கு ரெண்டு பிள்ளைக, ரெண்டும் கல்லுக்குண்டு மாதிரி கோயம்புத்தூருல இருக்காவ. சோகக் கதை வேணும்னா டிவியில பாரு. எங்கிட்ட கேட்டா தரமாட்டேன்.”

“பின்ன ஏன் அண்ணாச்சி எல்லார்ட்டயும் சண்டை?”

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். “பெரியாளு வாயில எதையாவது ஊத்துனா அவன் வேண்டாம்னு சொல்லுவான். பிள்ளையால சொல்ல முடியாதுல்லா. அதுக்காவ நான் சொல்லுதேன். எனக்குக் கோவம் வருது, அம்புட்டுதான்.”

எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஏனென்றால் நான் ‘மாட்டேன்’ என்ற சொல்லோடு பழக்கமில்லாதவள். எங்கள் வீட்டில் எனக்கு ‘சரி’ என்றே பட்டப்பெயர். படிப்பு இது, சரி. மாப்பிள்ளை இவர், சரி. கல்யாணமாகி, கணவர் துபாய் வேலைக்குத் திரும்பிப் போய், பிள்ளைப்பேறுக்குத் தாய்வீடு வந்தபோதும் அதே சரிதான்.

அம்மா பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவள் என்பதால் எனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க நாங்குநேரியிலிருந்து அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மை, வந்து இறங்கினாள். எங்கள் குடும்பத்தில் அவள் கைபடாத தொட்டில் கிடையாது. வரும்போதே இடுப்பில் ஒரு குங்குமப்பூ டப்பா. பிள்ளை நிறமாகப் பிறக்க வேண்டுமாம். தினமும் பாலில் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். சரி.

பிள்ளை பிறந்தான். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது, ஓரிரு நாளில் மறுபடி கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். “தீட்டு கழியட்டும், வீடு கழுவிட்டுப் போவலாம்” என்றாள் பெரியம்மை. அதற்கும் சரி.

வீட்டுக்கு வந்தபின் பிள்ளையின் நிறம் ஏறிக்கொண்டே போனது. முகம் முதலில் பொன்போல ஆனது, பிறகு நெஞ்சு, பிறகு வயிறு. பெரியம்மைக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டப்பாவைத் திறந்து காட்டினாள். “நான் குடுத்த பூவு வீணாப் போவல. தங்கம்லா கெடக்கு தொட்டில்ல.” சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டாள். இதயங்களாக வந்து குவிந்தன. புன்னக்காயலில் மீன் வியாபாரம் பார்க்கும் மாமா மட்டும், “நல்லாத் தெரியுதே, எந்தப் போனு?” என்று கேட்டிருந்தார். கணவர் வீடியோவில் பார்த்துவிட்டு, நம்ம ரெண்டு பேர் குடும்பத்திலும் இந்தக் கலர் கிடையாதே என்று பெருமையோடு சிரித்தார்.

அதைவிடப் பெரிய புகழ் அவன் சமத்துக்கு. அழவே மாட்டான். தூங்குவான், தூங்குவான், தூங்கிக்கொண்டே இருப்பான். பால் கொடுக்க எடுத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தூங்குவான். பார்க்க வந்த பெண்கள் தங்கள் பிள்ளைகள் எழுப்பிய கூச்சலை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். “குடுத்து வச்சவட்டி நீ” என்றார்கள். நானும் குடுத்து வைத்தவள் என்றே நம்பிக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒரு நாள் காலை பெரியம்மை பிள்ளைக்குச் சோப்பு வாங்கத் தரமாட்டேன் கடைக்குப் போனாள். சோப்பில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது வழக்கமான கேள்வி.

“பால் குடிக்கா? அழுவுதா?”

பெரியம்மை இதற்காகவே காத்திருந்தவள் போல, கல்லாமேல் சாய்ந்துகொண்டாள். “எங்க பிள்ளையா? மூச். பாலுக்குக் கூட அழமாட்டான். நாள் பூரா ஒறக்கம்தான். நிறமும் அப்படி, சும்மா மஞ்சப் பூசுன மாதிரி. எல்லாம் குங்குமப்பூ.”

அவள் வீடு வந்து சேர்வதற்குள் தெருவில் ஒரு சத்தம் கேட்டது. மருந்துக்கடை ஷட்டர் இறங்கும் சத்தம். பட்டப்பகலில் அந்த ஷட்டர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. யாரோ பெரிய தலைவர் போய்விட்டார் போலிருக்கிறது என்று பக்கத்து டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தே விட்டாராம்.

எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நின்றார்.

“பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

பெரியம்மை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். “என்னத்துக்கு? பிள்ளைக்கு என்ன கேடு?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாமலா வந்து நிக்கீரு?”

“தெரியாததுனாலதான் வந்து நிக்கேன். தெரிஞ்சவர் ஆஸ்பத்திரியில இருக்காரு. அவர்ட்ட கொண்டு போங்க.”

“பிள்ளை பெத்த வீடுய்யா இது. ஆம்பள உள்ள வரப்பிடாது.”

“நான் உள்ள வரல. இங்கனயே நிக்கேன். பிள்ளையை ஒருக்க அழ வையுங்க. நல்லாக் கத்துத சத்தம் என் காதுல கேட்டா பேசாம போயிருதேன்.”

“சிரிக்க வைன்னு கேட்ட ஆளைப் பாத்திருக்கேன். அழ வைன்னு கேக்க வந்திருக்கீரே, உமக்கு என்ன கிறுக்கா?”

“கிறுக்குதான். அழ வையுங்க.”

“ஒறங்குத பிள்ளையை எழுப்புனா பாவம்.”

“அந்தப் பாவம் எனக்கு வரட்டும்.”

“நீரு மொதல்ல எடத்தைக் காலி பண்ணும்.”

“போவமாட்டேன்.”

தெரு கூடிவிட்டது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நல்ல நாளில் வந்து அபசகுனமாகப் பேசுகிறாரே என்று ஒரு பக்கம். அவர் சொன்னால் கேட்டுத் தொலையுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் வரை நிற்பார் என்று இன்னொரு பக்கம். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரமாட்டேன் என்றார். மோர் வந்தது. குடிக்கமாட்டேன் என்றார். “பிள்ளை பால் குடிக்கட்டும், பெறவு நான் குடிக்கேன்.”

நான் உள்ளறையில் படுத்திருந்தேன். அந்தக் கழுதைப் பால் குரலுக்கு இரண்டு கதவு ஒரு பொருட்டா? ஒவ்வொரு சொல்லும் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, சரி, அந்த மனிதர் போகட்டும், ஒரு தடவை அழ வைத்துவிடுவோம் என்று பிள்ளையை எடுத்தேன்.

உள்ளங்காலைச் சுண்டினேன். அழவில்லை. கன்னத்தைத் தட்டினேன். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தேன். மார்பில் வைத்தேன், வாய் பிடிக்கவில்லை, பால் கடைவாய் வழியே வழிந்தது. தூக்கிவிட்ட அவன் கை தொப்பென்று விழுந்தது. இன்னும் கொஞ்சம் உலுக்கியதில் இமை மட்டும் பிரிந்தது. கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. மஞ்சளாக இருந்தது.

குங்குமப்பூ கண்ணுக்குள் போகாது. அது எனக்குத் தெரியும்.

அவ்வளவு பயம் அதற்கு முன்னும் நான் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. பிள்ளையைத் துணியோடு வாரி எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். பெரியம்மை பதறிப்போய் இரண்டு கையையும் விரித்தாள்.

“ஏட்டி, பச்ச ஒடம்போட எங்க வார? தீட்டு கழியல. வாசப்படி தாண்டாத. நாளைக்கு வீடு கழுவிட்டு நானே கூட்டிட்டுப் போறேன். சரியா?”

‘சரியா’ என்று கேட்டால் என்னிடமிருந்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

“மாட்டேன்.”

“என்னது?”

“இருக்க மாட்டேன், பெரியம்மை. நாளைக்குப் போவ மாட்டேன். இப்பப் போறேன்.”

வாசற்படியைத் தாண்டினேன். பெரியம்மை என்னைப் பார்த்தாள், பிள்ளையின் முகத்தை வெயில் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளறை இருட்டில் பார்த்த தங்கம் அது இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணாச்சி பிடித்து நிறுத்தியிருந்த ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்து மடியை விரித்தாள். அண்ணாச்சி கேட்டை விட்டு விலகினார். ஆட்டோக்காரரிடம், “பைய போ. ஆனா எங்கனயும் நிக்காத. வெரசாப் போ” என்றார். எதைக் கேட்பது என்று தெரியாமல் அவர் எதையும் கேட்காமல் ஓட்டினார்.

ஜங்ஷன் டாக்டருக்குப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுக்கச் சொன்னார். “யாரு அனுப்புனா?” என்றார். சொன்னேன். வழக்கமாக அந்தப் பெயரைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிறவர், அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறந்த பிள்ளைகள் பலருக்கும் கொஞ்சம் மஞ்சள் வரும், தானாகவே இறங்கும் என்றார். இவனுக்கு வயிறு தாண்டிக் கால் வரைக்கும் ஏறியிருந்தது. ஏறினால் பிள்ளை சொக்கிப்போகும், சொக்கினால் பால் குடிக்காது, குடிக்காவிட்டால் இன்னும் ஏறும். மூளைக்கு ஏறிவிட்டால் பிறகு யாராலும் இறக்க முடியாது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், “இன்னைக்கு வந்தீங்க, பரவால்ல” என்றார். நாளைக்கு வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை.

“வெயில்ல காட்டுனாப் போயிராதா டாக்டர்?” என்றாள் பெரியம்மை, இதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில்.

“இவ்வளவு மஞ்சளுக்கு வெயில் காணாதும்மா. லைட்ல வைக்கணும்.”

கண்ணுக்குக் கட்டுப் போட்டு, நீல விளக்குக்கு அடியில், ஒரு துண்டுத் துணி மட்டும் உடுத்திக்கொண்டு கிடந்தான். நான் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, சங்கில் ஊட்டினார்கள். பெரியம்மை கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றாள். “வயசுக்கு முந்தியே கூலிங்கிளாஸு, ஏசி ரூமு. ஒங்க அப்பன் துபாய்ல கூட இப்படிக் கெடந்திருக்க மாட்டாம்ல” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையை யாருக்கும் தெரியாமல் அழுவதற்கு அவள் எடுத்த முயற்சியில் அந்த மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு போனை எடுத்துக் குழுவில் போட்ட படத்தை அழித்தாள். அழித்ததோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் யார் பச்சைப்பிள்ளையோடு உட்கார்ந்தாலும், “மஞ்சளா இருந்தா பெருமைப்பட்டுராதீங்க. கண்ணைப் பாருங்க, கண்ணை” என்று பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நர்ஸ் வந்து, அம்மா கொஞ்சம் சும்மா இருங்க என்றதற்கு அவள் சொன்ன பதில், “இருக்க மாட்டேன்.”

இந்த ‘மாட்டேன்’ தொற்று நோய் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மத்தியானம். நர்ஸ் அவனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் வெளியே உட்கார்ந்து கண்ணயர்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. அப்படியொரு அலறல். பக்கத்து வார்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பசி, கோபம், ஈரத்துணி, வெளிச்சம், உலகம், எல்லாவற்றுக்கும் எதிராக என் மகன் தொண்டை கிழியக் கத்தினான். நான் ஓடிப்போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், இரண்டையும் சேர்த்தே செய்தேன். டாக்டர் அந்த வழியாக வந்தவர் நின்று கேட்டார். “ம், இப்பச் சரி” என்றார்.

வீடு வந்தோம். வந்த நாளிலிருந்து அவன் அழுத அழுகையைத் தெரு இன்றைக்கும் மறக்கவில்லை. சேர்த்து வைத்த அழுகை முழுவதையும் வட்டியோடு அழுதான். பாலுக்கு அழுதான், பால் முடிந்ததற்கு அழுதான். டாக்டரிடம் காட்டினோம். நன்றாகக் குடிக்கிறான், எடை கூடுகிறது, அழட்டும் என்று அனுப்பிவிட்டார். சமத்து சமத்து என்று பெருமூச்சு விட்டுப் போன பெண்கள் இப்போது நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். ஒரு சாயங்காலம் பெரியம்மையே தாங்கமுடியாமல் தெருமுனைக்கு நடந்தாள். நான் வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பார்த்திருந்தேன்.

“அண்ணாச்சி, அழுது கொல்லுதான். அந்தப் பாட்டில்ல ஒண்ணு குடுங்க. ஒரு துளி, நாக்குல வச்சா போதும்.”

அண்ணாச்சி பெரியம்மையைப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பக்கம் காதைத் திருப்பிக் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“அழட்டும்னாரு.”

“பெறவு?”

“பெறவென்ன, தரமாட்டீரு” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மை திரும்பி நடந்தாள். அந்தக் கடையில் அந்தச் சொல்லை வாடிக்கையாளரே சொல்லிவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

வீடு கழுவி, பெயர் வைத்த மறுநாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெட்டி அல்வாவோடு கடைக்குப் போனேன். அல்வாவை வாங்கமாட்டேன் என்றார். சர்க்கரை வியாதி என்றார். நன்றி சொல்ல ஆரம்பித்தேன். கேட்கமாட்டேன், வியாபார நேரம் என்றார். இந்த மனிதரிடம் எதையும் கொடுக்க முடியாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்லாவுக்கு மேலாக எட்டி, பிள்ளையை அவர் கையில் வைத்துவிட்டேன்.

“யம்மா, எனக்குப் பழக்கம் இல்ல. எம்பிள்ளைகளைத் தூக்கி எம்புட்டுக் காலம் ஆச்சு. புடி, புடி.”

பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு தெரு அதிர அழ ஆரம்பித்தான். கிரைப் வாட்டர் பாட்டில்களுக்குக் கீழே, வெள்ளை மீசை நடுங்க, அண்ணாச்சி அசையாமல் நின்று கேட்டார். கடைக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள், அவர் திரும்பவில்லை. கண்ணாடி நெற்றியில் இருந்ததால் கண் நனைந்தது எல்லாருக்கும் தெரிந்தது.

“ரொம்ப அழுவுதான். குடுங்க அண்ணாச்சி” என்று கையை நீட்டினேன்.

அவர் பிள்ளையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தடவிக்கொண்டு, பைய சொன்னார்.

“தரமாட்டேன்.”

நான் கையை மடக்கிக்கொண்டேன். அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கட்டும் என்று, அல்வாப் பெட்டியோடு அங்கேயே நின்றேன்.